கல்லுக்கரையில் ஓர் ஆடி அமாவாசை

இந்த ஊரில் எல்லோரும் கடலுக்குள் சப்பாத்தோடுதான் இறங்குகிறார்கள். குழந்தைகள், தொந்தி விழுந்த தகப்பன்மார், வெயிலில் சிவந்த பெண்கள், எல்லோருடைய காலிலும் மெல்லிய ரப்பர் சப்பாத்து. வெளியே வரும்போது அதைக் கழற்றி, உள்ளே நிற்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடியும் போட்டுக்கொள்கிறார்கள். தீர்த்தத்தில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துப் பழகிய எனக்கு, முதல் நாள் இதைப் பார்க்க, செருப்போடு கோயிலுக்குள் நுழைகிறவர்களைப் பார்த்தது மாதிரி இருந்தது. பிறகு வெறுங்காலோடு பத்து அடி நடந்து பார்த்தேன். அதற்குமேல் யாரையும் குறை சொல்லவில்லை.

மணல் என்பது மருந்துக்கும் இல்லாத கடற்கரை அது. மொன்ரெனீக்ரோ என்று ஒரு சிறிய நாடு, அட்ரியாட்டிக் கடலின் ஓரத்தில். மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் இரண்டு கிலோமீற்றருக்கும் கூடுதலாக வெறும் கூழாங்கல். வெள்ளை, சாம்பல், ஈரல் நிறம், சிலது முட்டை அளவு, சிலது புளியங்கொட்டை அளவு. பின்னால் நாணல் வளர்ந்த சதுப்பு, அதற்கும் பின்னால் ஒலிவ் மரங்கள். ஹோட்டல் இல்லை, குடை வாடகைக்கு விடுகிறவர்கள்கூட ஒரு முனையில் மட்டும்தான். மற்ற முனைக்கு நடந்து போனால் நீங்களும் கல்லும்தான். அலை ஏறி வரும்போது சத்தம் பெரிதாக இல்லை. திரும்பிப் போகும்போதுதான் கல்லெல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு உருள்கின்றன. சுளகில் அரிசியைப் புடைக்கிற சத்தம் அது. படுத்துக்கொண்டு கேட்டால், யாரோ பக்கத்து அறையில் விடிய விடியப் புடைத்துக்கொண்டிருப்பது போலிருக்கும்.

எங்களை அங்கே கொண்டுபோனது மகள் ஆரணி. அவளுக்கு இருபது வயது. “எவ்ரி டைம் லண்டன், பாரிஸ், ஆரின்ரையாவது வெடிங். ஒருக்கா ஒரு சொந்தக்காரரும் இல்லாத கண்ட்ரிக்குப் போவம், ப்ளீஸ் அப்பா” என்றாள். ஒரு சொந்தக்காரரும் இல்லாத நாடு என்பது எனக்கும் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் வேறு. அவள் போனில் காட்டிய திகதிகளை வீட்டுக் கலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாங்கள் அங்கே நிற்கிற நாலாம் நாள் ஆடி அமாவாசை. பக்கத்தில் கடல். அம்மா ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பார். உடனே “சரி, புக் பண்ணு” என்றேன். மனைவி வதனி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒரு சோபா வாங்க மூன்று மாதம் யோசிக்கிற மனிதன் நான்.

இதை வாசிக்கிற எல்லோரும் எங்கள் பக்கத்து ஆட்கள் இல்லை என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆடி அமாவாசை விரதம் தகப்பன் இல்லாதவர்களுக்கு உரியது. அன்று காலையில் கடலிலோ தீர்த்தத்திலோ முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, காத்தோட்டிக்காய் என்ற கசப்புக் காயைச் சமைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் மகன் வாயில் சோறு வைப்பான். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் இதைச் செய்யக் கூடாது. செய்தால் உயிரோடு இருக்கிற மனிதருக்குக் கொள்ளி வைத்த மாதிரி.

என் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, சண்டைக் காலத்தில் ஒரு மத்தியானம், கிளாலிக் கடனீரேரியைக் கடந்து கொழும்புக்குப் போவதற்காகப் புறப்பட்டார். என்னை வெளிநாடு அனுப்புகிற யோசனை, என் பாஸ்போட் அலுவல். அன்று காலையில்தான் என் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுத் தந்தார். காற்றடிக்கிற பம்பின் வாஷர் தேய்ந்துவிட்டதைக் காட்டி, “வரேக்கை புது வாஷர் வாங்கிக்கொண்டு வாறன், அதுவரைக்கும் சும்மா போட்டு அடிக்காதை” என்றார். அவர் ஏறிய வள்ளம் அக்கரை போய்ச் சேர்ந்தது என்று சிலர் சொன்னார்கள். சேரவில்லை என்று சிலர் சொன்னார்கள். சேர்ந்த பிறகு அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார், பிறகு அது வேறு ஆள் என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் கொண்டுபோனதா, மனிதர் கொண்டுபோனார்களா என்பது இன்றுவரை தெரியாது. இரண்டு வருடம் கழித்து மாமா ஒருவர் அம்மாவையும் என்னையும் தங்கச்சி வாசுகியையும் கனடாவுக்கு எடுப்பித்தார்.

ரொறன்ரோவில் எங்கள் முதல் பனிக்காலம் ஸ்காபரோவில் பதினொன்றாம் மாடியில். அம்மா எங்கள் மூன்று பேருக்கும் ஜக்கெற் வாங்கப் போனவர், நாலு ஜக்கெற்றோடு வந்தார். நாலாவது கடும் நீலம், மீடியம் சைஸ், உள்ளே மெத்தென்ற பஞ்சு. “எயாப்போட்டாலை வெளியிலை வரேக்கை மனுசனுக்குக் குளிருமெல்லே” என்றார். அது ஸ்காபரோவில் இருந்து அஜக்ஸுக்கு எங்களோடு வீடு மாறி வந்தது. இப்போதும் வாசல் அலுமாரியில் தொங்குகிறது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் அம்மா அதை எடுத்துக் கழுவி, காய வைத்து, மறுபடியும் தொங்கவிடுவார். முப்பது வருடமாக ஒருவரும் போடாமலே ஊத்தையாகிற ஒரே உடுப்பு அதுதான் என்று வாசுகி பகிடி பண்ணுவாள், அம்மாவுக்குக் கேட்காத தூரத்தில்.

அம்மா தினமும் கண்ணாடிக்கு முன் நின்று குங்குமப் பொட்டு வைப்பார். கனடாவுக்கு வந்த புதிதில் ஏதோ ஒரு அலுவலகத்துக்குப் படிவம் நிரப்பப் போனோம். கணவரின் விலாசம் எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள். “வருவார் எண்டு சொல்லு” என்றார் அம்மா. நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சந்தோஷமாக, “எப்போது வருகிறார்? வந்ததும் தெரியப்படுத்துங்கள்” என்று பேனையைக் கீழே வைத்தாள். தெரியப்படுத்துகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பன்னிரண்டு வருடம் கழிந்த பிறகு, கோயில் ஐயர் ஒருவர், ஆள் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்யலாம், சாத்திரத்தில் இடம் இருக்கிறது என்றார். பக்கத்து அபார்ட்மென்ற் தில்லை அண்ணை அதைப் பிடித்துக்கொண்டு வந்து, “தம்பி, நீ தலைமகன். இனி விரதம் பிடிக்கத்தான் வேணும்” என்றார். அம்மா தேத்தண்ணியை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் கேட்டார்: “அவர் வந்து, ஏன் என்னைச் சாகடிச்சனி எண்டு இவனைக் கேட்டால், நீங்களோ தில்லை அண்ணை பதில் சொல்லுவியள்?” தில்லை அண்ணை தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆடி அமாவாசை என்று ஒரு நாளே கிடையாது. அஜக்ஸில் அடுத்த வீட்டு அன்ரி ஒருமுறை, தெரியாத்தனமாக, அன்று ஒரு கிண்ணம் காத்தோட்டிக்காய்க் கறி கொண்டுவந்து தந்தார். அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். அப்படியே மூடி, மேலே இரண்டு மாம்பழத்தை வைத்து, சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இத்தனை வருடமும் நான் இதற்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தேன். ஆனால் அப்பா போனபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. இந்த ஆனியில் எனக்கு நாற்பத்தேழு பிறந்தது. ஆரணி கேக் வாங்கினாள். மெழுகுதிரியை ஊதும்போது, இனி நான் அப்பாவைவிட மூத்தவன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னை விடவில்லை. நான் வேலை செய்வது ரொறன்ரோ நகரத்துக் கட்டடம் ஒன்றில், கொதிகலனும் குளிரூட்டியும் பார்க்கிற வேலை. வெளியே நெருப்பு வெயில் அடித்தாலும் பனி கொட்டினாலும் உள்ளே இருபத்திரண்டு டிகிரி இருக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். முப்பது வருடமாக வீட்டுக்குள்ளும் அதையே செய்துகொண்டிருந்தேனோ என்று தோன்றியது. அந்த மனிதருக்கு ஒரு கை தண்ணீராவது இறைக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம்.

கறுப்பு எள்ளை ஒரு பழைய வைட்டமின் போத்தலில் போட்டு எடுத்துக்கொண்டேன். அங்கே எயாப்போட்டில் ஒரு அதிகாரி பெட்டியைத் திறந்து, அந்தப் போத்தலையும் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தார். நான் “ஃபூட்” என்றேன். அவர் என்னையும் எள்ளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “போர் பேட்?” என்று கேட்டு, விரல்களைக் குவித்துக் கொத்திக் காட்டினார். பறவைக்கா என்கிறார். “யெஸ், போர் பேட்” என்றேன். அவருக்கு மனம் இளகிவிட்டது. தன்னிடமும் இரண்டு இருக்கிறது என்பதுபோல இரண்டு விரலைக் காட்டி, போத்தலை மூடித் தந்தார். அது முழுப் பொய் என்று நான் நினைக்கவில்லை, காகத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கத்தானே செய்கிறது.

வதனி அன்றிரவே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். குலுக்கிப் பார்த்தாள், திறந்து பார்க்கவில்லை.

“மாமியிட்டைச் சொன்னனீங்களோ?”

“இல்லை.”

“சொல்லப் போறியளோ?”

“தெரியேல்லை. நீர் படுத்து நித்திரை கொள்ளும்.”

அவள் படுத்துவிட்டாள். அவள் அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. ஊரில் அவளுடைய அண்ணன் ஒவ்வொரு வருடமும் விரதம் பிடித்து, படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவான். அவளுக்கு அவளுடைய அப்பா எங்கே என்று தெரியும்.

நாலாம் நாள் காலை ஆறரை மணிக்கு, தாயும் மகளும் நித்திரையாக இருக்கும்போது, நான் துவாய்க்குள் வேட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. சப்பாத்தைத் தொடக்கத்திலேயே கழற்றி ஒரு கட்டையின் கீழ் வைத்தேன். ஆளில்லாத முனைவரை வெறுங்காலோடு நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது பெருமைக்கு. தீ மிதிக்கிறவன்கூட என்னைவிட ஒழுங்காக நடந்திருப்பான். மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் இன்னும் வரவில்லை. கடலில் இருந்து பால் நிறத்தில், பனிமூட்டம் போல ஒரு புகார் எழும்பி நின்றது. அடிவானம் எங்கே என்று தெரியவில்லை. எதிர்க்கரையில் இத்தாலி இருக்கிறது என்று ஆரணி சொல்லியிருந்தாள். அன்று காலை எதிர்க்கரையில் எது வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். வள்ளம் ஒன்று அந்தப் புகாரைக் கிழித்துக்கொண்டு வந்து, அதிலிருந்து ஒரு மனிதர் சைக்கிள் பம்பின் வாஷரோடு இறங்கியிருந்தால், நான் அதிகம் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அப்படியான ஒரு காலை அது.

வேட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கல்லுக்கரை மணற்கரை மாதிரி இல்லை. மூன்று அடி வைத்தால் இடுப்புவரை தண்ணீர், நாலாவது அடியில் நெஞ்சு. காலுக்குக் கீழே கல்லெல்லாம் சரிந்துகொண்டிருந்தன. தண்ணீர் நான் நினைத்ததைவிடக் குளிராக இருந்தது. போத்தலைத் திறக்கப் பார்த்தேன். அமத்திக்கொண்டு திருக வேண்டிய மூடி அது, குழந்தைகள் திறக்காமல் இருப்பதற்காகச் செய்தது. ஈரக் கையால் அமத்தினேன், வழுக்கியது. பல்லால் கடித்தேன். வேட்டி வயிற்றைச் சுற்றிப் பூப்போல விரிந்து மிதந்தது. நாற்பத்தேழு வயதுப் பிள்ளை, தகப்பனுக்கு எள்ளு இறைக்க வந்து, நெஞ்சளவு தண்ணீரில் நின்று மூடியோடு மல்லுக்கட்டுகிறான். ஒரு அலை வந்து தோளில் தட்ட, போத்தல் கையை விட்டுப் போய்விட்டது. அது தாழவில்லை. என் கைக்கு எட்டாத தூரத்தில் தலையாட்டிக்கொண்டு மிதந்தது.

அப்போதுதான் கரையில் இருந்து ஒரு பெண் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கறுப்புச் சட்டை, கறுப்புத் தலைத்துண்டு, அறுபத்தைந்து வயது இருக்கும். அலை கொண்டுவந்து போட்ட விறகை ஒரு சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தவர், சாக்கைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். விடியற்காலையில் ஒரு கறுத்த மனிதன் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு தனியாகக் கடலுக்குள் இறங்கினால் அவர் என்னதான் நினைப்பார்? போட்ட சப்பாத்தோடே தண்ணீருக்குள் வந்து என் மேற்கையைப் பிடித்து இழுத்தார். நல்ல பிடி. அவர் மொழியில் ஏசினார். ஏச்சு என்பது எந்த மொழியிலும் விளங்கும். நான் “நோ, நோ, ஓகே, ஓகே” என்றேன். கரையில் இருவரும் நனைந்துபோய் உட்கார்ந்தோம். அவருடைய காலடியில், கல்லோடு கல்லாக, போத்தல் வந்து தட்டியது. அவர் அதை எடுத்து, மேலே ஒட்டியிருந்த வைட்டமின் படத்தைப் பார்த்தார். நோயாளி என்று முடிவு கட்டிவிட்டார் போல, அவருடைய ஏச்சு சட்டென்று இளகியது. போத்தலை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்து மூடினார்.

நான் எழுந்து அவரை இரண்டு கையாலும் கும்பிட்டேன். நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவருக்கு அது வேறுவிதமாக விளங்கியிருக்க வேண்டும். “ஆ” என்று தலையை ஆட்டி, இடுப்பில் இருந்து பெரிய இரும்புத் திறப்பு ஒன்றை எடுத்துக் காட்டி, வா என்றார். நெஞ்சைத் தொட்டு “ஸ்டானா” என்றார். நானும் என் பெயரைச் சொன்னேன். அதை அவர் சொல்லிப் பார்க்கவே இல்லை.

நாணலுக்குப் பின்னால், ஒலிவ் மரங்களுக்குள், எங்கள் ஊர் வைரவர் கோயிலை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கல் தேவாலயம். அந்தத் திறப்பால் கதவைத் திறந்தார், அவர்தான் அதைத் திறந்து பூட்டுகிறவர் போலிருந்தது. உள்ளே இருட்டும் தேன்மெழுகு வாசமும். சுவரில் புகை படிந்த முகங்கள். கிறிஸ்தவக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை, சைவக்காரர் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்காத ஊர் எங்கே இருக்கிறது. ஸ்டானா மெல்லிய மஞ்சள் மெழுகுதிரி ஒன்றைத் தந்தார். அங்கே இரண்டு தட்டு வைத்த ஒரு இரும்புத் தாங்கி நின்றது. மேலே ஒரு தட்டு, கீழே முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு, இரண்டிலும் மணல். அந்தக் கரை முழுவதிலும் நான் கண்ட மணல் அது மட்டும்தான். விளக்கை நிலத்தோடு வைக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். யோசிக்காமல் மேல்தட்டில் குத்தினேன்.

ஸ்டானாவின் முகம் மலர்ந்தது. மேல்தட்டைக் காட்டி, தன் நெஞ்சில் கையை வைத்து நன்றாக மூச்சு இழுத்து விட்டார். பிறகு என்னைக் காட்டினார், வெளியே ஊரைக் காட்டினார். பிறகு கீழ்த்தட்டைக் காட்டி, கன்னத்தைக் கையில் சாய்த்துக் கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டார். மேலே உயிரோடு இருக்கிறவர்களுக்கு. கீழே இறந்தவர்களுக்கு. மொழி எதுவும் தேவைப்படவில்லை. நாடியை உயர்த்தி, யாருக்கு என்று கேட்டார்.

“பாப்பா” என்றேன். அவருக்கு விளங்கியது. என் தலைமயிரில் நரையைப் பார்த்தார், என் தகப்பனுக்கு என்ன வயதிருக்கும் என்று மனதுக்குள் கூட்டியிருப்பார். மேல்தட்டில் எரிகிற மெழுகுதிரியைக் காட்டி, சரியா என்பதுபோல விரலை ஆட்டினார். நான் தெரியாது என்று கையை விரித்தேன். அவர் நான் விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்து, மறுபடியும் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டு, மறுபடியும் கன்னத்தைச் சாய்த்துக் காட்டினார். நான் வாசலால் தெரிந்த கடலைக் காட்டினேன். மறுபடியும் கையை விரித்தேன்.

இந்த முறை அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு மேல்தட்டில் இருந்து மெழுகுதிரியைப் பிடுங்கி, எரிய எரிய என் கையில் தந்துவிட்டு, வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தார்.

அந்தச் சின்னத் தேவாலயத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மெழுகு விரலில் சொட்டிக் காய்ந்தது. கடலுக்குள் ஒன்றையும் யோசிக்காமல் எள்ளை வீசிவிடலாம் என்றுதான் வந்தேன். இங்கே இரண்டு தட்டு, ஒரு கை. கீழ்த்தட்டுக்கு அரை உடம்பு குனிந்தால் போதும். குனிந்தேன். உண்மையாகவே குனிந்தேன். என் பாஸ்போட் அலுவலாகப் போன மனிதர் அவர். அந்தப் பாஸ்போட் பிறகு வேறு வழியால் வந்தது, அதில் ஏறித்தான் நான் கனடாவுக்கும், இந்தக் கரைக்கும் வந்து சேர்ந்தேன். என் கையால் அவரைக் கீழே வைக்க என்னால் முடியவில்லை. அழுதேன். பிறகு நிமிர்ந்து, பாதி எரிந்த மெழுகுதிரியை மேல்தட்டிலேயே குத்திவிட்டு வெளியே வந்தேன்.

ஸ்டானா உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மடியில் இருந்து இரண்டு அத்திப்பழம் எடுத்துத் தந்தார். விரதம் என்று சொல்ல வாயெடுத்தேன். தகப்பன் உயிரோடு இருக்கிறவனுக்கு ஏது விரதம்? வாங்கிச் சாப்பிட்டேன். தேன் மாதிரி இனித்தது.

திரும்பி வந்தபோது வதனி வாசலில் நின்றாள். “முடிஞ்சுதோ?” என்று கேட்டாள். நான் போத்தலைக் கையில் கொடுத்தேன். குலுக்கிப் பார்த்தாள். எள்ளு அப்படியே இருந்தது. “சரி, உடுப்பை மாத்துங்கோ, தடிமன் பிடிக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

பின்னேரம் மூன்று மணி, ரொறன்ரோவில் காலை ஒன்பது. அம்மா இரண்டு கிழமைக்கு ரெக்ஸ்டேலில் வாசுகி வீட்டில் இருந்தார். தினமும் எடுக்கிற நேரத்துக்கு எடுத்தேன். சாப்பாடு, பிரஷர் குளிசை, வாசுகியின் மகனுடைய பரீட்சை எல்லாம் பேசி முடிந்தது.

“கடல் எப்பிடி?” என்று கேட்டார் அம்மா.

“கல்லுக் கடல் அம்மா. மணலே இல்லை.”

“இறங்கினனியோ?”

அவர் அப்படிக் கேட்டதில்லை. மற்ற நாட்களில், தூரப் போகாதை, பிள்ளையைப் பார் என்றுதான் சொல்லுவார்.

“கரையிலை நிண்டு கால் மட்டும் நனைச்சன்” என்றேன். பொய். ஆனால் எதைச் சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருக்குமோ, அதைத்தான் சொன்னேன்.

வாசுகியின் குசினியில் குக்கர் ஒருமுறை விசிலடித்து ஓய்ந்தது.

“அவ்வளவு தூரம் போய்” என்றார் அம்மா. “முழுகியிருக்கலாம், தம்பி.”

குளித்திருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. எந்த நாளில், எதற்காக ஒரு மகன் கடலில் முழுகுவான் என்று அவருக்குத் தெரியாதா? “அம்மா” என்றேன். “சரி, வை. இவள் சாப்பிடக் கூப்பிடுறாள்” என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் கழிந்துவிட்டது. தீர்த்தத்துக்கு உரிய நேரம் போய்விட்டது. நான் அம்மாவுக்காக அப்பாவை மேலே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே அம்மா எனக்காக அவரைக் கீழே இறக்கிவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காமல். அன்று பின்னேரம் ஆரணி வாங்கித் தந்த ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவளோடு கடலில் இறங்கினேன். “சீ, மச் பெட்டர், இல்லையா அப்பா?” என்றாள். ஓம் என்றேன். மல்லாந்து படுத்து மிதந்தேன். காதுக்குள் தண்ணீர். அடியில் கல்லுகள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வீடு திரும்பியதும் வதனி அந்தப் போத்தலைக் குளியலறைத் தட்டில், மற்ற வைட்டமின்களோடு வைத்தாள். கொஞ்ச நாளில் அது காணாமல் போயிற்று. வதனி எறிந்திருப்பாள் என்று நினைத்து நான் கேட்கவில்லை. வாசுகி வீட்டிலிருந்து திரும்பி வந்த அம்மாவும் நானும் ஊர்க் கதையும் பேசவில்லை, கடல் கதையும் பேசவில்லை. அம்மா வழக்கம்போல எழும்பினார், வழக்கம்போலப் பொட்டு வைத்தார்.

ஒக்டோபரில் ஜக்கெற்றைக் கழுவினார். அதற்கு அடுத்த கிழமை முதல் குளிர். காலை ஆறரை ரயிலைப் பிடிக்க நான் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா அறையில் இருந்து வந்தார்.

“உன்ரை ஜக்கெற் மெல்லிசு. உதைப் போட்டுக்கொண்டு போ.”

அலுமாரியில் அவர் காட்டியது கடும் நீலத்தை.

“உது அப்பாவின்ரையெல்லோ.”

“ஆரின்ரை எண்டு எனக்குத் தெரியாதே? சும்மா தொங்கிறதை நீ போடன்.”

என் வாயில் இருந்து அது எப்படி வந்ததென்று தெரியவில்லை. முப்பது வருடமாக அவர் எங்களிடம் கேட்டதை நான் அவரிடம் கேட்டேன். “அம்மா, பிறகு அவர் வந்தால்?”

அம்மா கொழுக்கியில் இருந்து அதை எடுத்து, தோளில் இல்லாத தூசைத் தட்டி, நான் கை நுழைக்கத்தக்கதாக விரித்துப் பிடித்தார்.

“வந்தால் கழட்டிக் குடு” என்றார்.

அஜக்ஸ் ஸ்டேஷன் மேடையில் ஏரிக்காற்று வெட்டிக்கொண்டு போனது. நான் அப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய ஆளாக வளர்ந்திருக்கிறேன். கையின் நீளம் போதவில்லை, இரண்டு மணிக்கட்டும் வெளியே தெரிந்தன. குளிருக்குக் கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டேன். வலப் பக்கம் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. வெளியே எடுக்கவில்லை. பொக்கற்றுக்குள்ளேயே விரலால் தடவிப் பார்த்தேன். அமத்திக்கொண்டு திருகுகிற மூடி. குலுக்கினேன். எள்ளு கிலுங்கியது. ரயில் வந்து நின்று கதவுகள் திறந்தன. இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்று, ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்தேன். பிறகு ஏறினேன். உடம்பு முழுவதும் வெதுவெதுப்பாக இருந்தது, மணிக்கட்டு இரண்டும் மட்டும் குளிர்ந்தது.